பொறியியல் கற்கப் பிறநாடு செல்ல விழைவார்க்கு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த மறுநாட் காலையில் நம் கல்லூரி வாயிலில் நின்று பார்ப்போர் மூவகை மாணாக்கரைக் காண்பர். மூன்று பாடத்திலும் ‘ஏ’ தரம் பெற்று, பெற்றாரும் நண்பரும் சூழ வருவோர் ஒரு சாரார். மீண்டும் ஒருமுறை பரீட்சை எழுதுவதா, வேறு தொழில் நாடுவதா எனத் தீர்மானிக்க வேண்டியோர் இன்னொரு சாரார். இவ்விரு சாராருக்கும் நடுவே, முகத்தில் மகிழ்ச்சியோ துயரோ முழுமையாகத் தோன்றாது நிற்கும் சிலர் உளர். இணைந்த கணிதத்தில் ‘ஏ’, பௌதிகவியலில் ‘பி’, இரசாயனவியலில் ‘பி’ என்பது எவ்வாற்றானும் இழிந்த பெறுபேறன்று. எனினும் இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடின், பொறியியற் பீடத்தின் கதவு அவர்க்குத் திறவாது. “சேர், வெளியிலை எங்கையாவது போட்டுப் பாக்கலாமோ?” என எம்மை வினாவுவோர் பெரும்பாலும் இந்நடுச் சாராரே.

அவ்வினாவுக்கு இயன்றவரை விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என நகைப்போர் இருத்தல் கூடும். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தல், பெயரின் எழுத்துகளை ஒப்பு நோக்குதல், அதிபரின் கடிதத்துக்கு முதல் வரைவு எழுதுதல் ஆகியன எப்படியோ எம் தலைமேல் வந்து சேர்ந்த பணிகள். அவற்றினூடே யாம் கண்டவற்றையும், பிழைத்துக் கற்றவற்றையும் ஈண்டுக் கூறுகின்றோம். பிறநாடுகள் பலவெனினும், நம் மாணாக்கர் மிகுதியாக நாடுவதும் யாம் நன்கறிந்ததும் ஐக்கிய இராச்சியமே ஆதலின், அதனையே விரித்துரைத்து ஏனையவற்றைச் சுருங்கத் தொட்டுச் செல்வாம்.

நம் முன்னோர் காலத்தில் இவ்விடர்ப்பாடு இருந்ததில்லை. 1921 இற் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, மாணாக்கரை இலண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்தது. இங்கிருந்தவாறே எழுதிய பரீட்சைக்கு வினாத்தாள் இலண்டனிலிருந்து வந்தது. பரீட்சையும் அவர்களுடையது, அளவுகோலும் அவர்களுடையது. ஆகவே, அதிற் சித்தியெய்திய ஒருவன் கப்பலேறிச் சென்றபோது அவன் கொண்டு சென்ற பத்திரத்தை யாரும் புரட்டிப் புரட்டிப் பார்க்கவில்லை. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1950 இல் அதன் பொறியியற் பீடம் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்குப் பெயர்ந்தது. பாடசாலைப் பரீட்சைகள் நம் மொழிகளில் நடைபெறலாயின. பரீட்சை நம்முடையதாயிற்று, அது பெருமைக்குரியதே. ஆனால், நம்முடைய அளவுகோலைப் பிறர்க்கு விளக்கிச் சொல்லும் கடமையும் அன்றே நம்மைச் சேர்ந்தது.

1971 ஆம் ஆண்டை இங்குக் குறியாது செல்லல் முறையன்று. அவ்வாண்டுப் பிரவேசத்தில், நானூறு புள்ளிகளுக்குப் பேராதனைப் பொறியியற் பீடத்திற் சேரத் தமிழ்மொழி மூலம் எழுதியோர்க்கு 250 புள்ளியும் சிங்கள மொழி மூலம் எழுதியோர்க்கு 227 புள்ளியும் வேண்டப்பட்டன. அதன் பின்னர் மாவட்டப் பங்கீடு வந்தது. இன்றைய ஒழுங்கில் நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களின் குடித்தொகைக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. 2014 இற் கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் தொடங்கியமை நமக்கு ஆறுதல் தந்த செய்தி. அவ்வாறிருந்தும் வாயிலில் நிற்போர் தொகை குறைந்ததாக எமக்குத் தோன்றவில்லை.

இனி, நம் சான்றிதழைப் பிறநாட்டார் எவ்வாறு படிக்கின்றனர் என்பதைக் காண்பாம்.

2001 முதல் நம் நாட்டுப் பல்கலைக்கழகப் பிரவேசத்தை ஆள்வது இசட் புள்ளி. ஒருவர் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளி, அப்பாடத்தை எழுதியோரின் சராசரியினின்று எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதைக் காட்டும் எண் அது. நம் வீடுகளில் அதனினும் பெரிய எண் வேறில்லை. நான்காம் தசமதானத்துக்காகக் கண்ணீர் விட்ட தாயரை யாம் கண்டிருக்கின்றோம். ஆனால், ஐக்கிய இராச்சியத்தில் விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலர் பொதுவாக அவ்வெண்ணைக் கேட்பதில்லை. அவர் நோக்குவது பாடங்களையும் தரங்களையுமே. எனவே, இங்கு அரைக்கால் புள்ளியால் வெளியே நின்ற மாணாக்கன் அங்கு உள்ளே எடுக்கப்படத் தக்கவனாதல் கூடும். நடுச் சாரார் முதலில் மனங்கொள்ள வேண்டியது இதுவே.

தரங்களிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் பரீட்சையில் 75 புள்ளியும் அதற்கு மேலும் ‘ஏ’, 65 முதல் ‘பி’, 55 முதல் ‘சி’, 35 முதல் ‘எஸ்’ எனப்படும். அவர்கள் பரீட்சையில் ‘ஏ’ தரத்துக்கு மேலே உடுக்குறியிட்ட ‘ஏ’ ஒன்று உண்டு, நம்மிடம் அஃதில்லை. நம் ‘எஸ்’ தரத்தை அறியாத அலுவலரும் உளர். இலங்கை உயர்தரத்தைத் தம் நாட்டு உயர்தரத்துக்கு ஒப்பாகக் கொண்டு நேரே முதலாண்டிற் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் பல. அடித்தள ஆண்டு ஒன்றைப் படித்துவிட்டு வருக என்பவை வேறு சில. இவ்விரண்டில் எது தமக்குப் பொருந்தும் என்பதை அவ்வப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் நாட்டுவாரியாக எழுதப்பட்டிருக்கும் பக்கத்திற் பார்த்தறிதல் வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததைக் கொண்டு துணிதல் தகாது. அடித்தள ஆண்டு எனின் ஒரு முழு ஆண்டின் கட்டணம் மேலதிகமாகும் என்பதையும் மறவற்க. மூன்று பாடங்களும் ஒரே தடவையிற் சித்தியெய்தப்பட்டிருத்தல் வேண்டும் என விதிக்கும் இடங்களும் உள. இரண்டாந் தடவை, மூன்றாந் தடவை எழுதியோர் அதனை முன்னரே கேட்டறிதல் நன்று.

இணைந்த கணிதம் என்னும் பெயரும் விளக்கம் வேண்டுவதாகும். நம் பழைய மாணவரிற் பலர் தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என நான்கு பாடங்கள் எழுதியோர். 2000 ஆம் ஆண்டை ஒட்டிப் பாடங்கள் மூன்றாயின. கணிதம் இரண்டும் ஒன்றாயின. அவ்வொன்றினுள்ளே வகையீடும் தொகையீடும் உள. நிலையியலும் இயக்கவியலும் உள. மும்மணி நேர வினாத்தாள்கள் இரண்டு. இங்கிலாந்தின் பெரிய பொறியியற் பீடங்கள் சில, சாதாரணக் கணிதத்தோடு மேற்கணிதம் என்னும் தனிப்பாடத்தையும் விரும்புகின்றன. நம் மாணாக்கனின் பத்திரத்தில் ‘கணிதம்’ என்னும் சொல் ஒருமுறையே வரக்காணும் அலுவலர், அவன் இயக்கவியல் கற்றிலன் என எண்ணிவிடக் கூடும். அதிபரின் கடிதத்தில் இரண்டே வரியில் பாடத்திட்டத்தைக் கூறிவிடின் அவ்வையம் தீரும். அவ்விரண்டு வரியை எழுதுவாரின்றியே பல கடிதங்கள் சென்றிருக்கின்றன.

இங்கு எம் பிழையொன்றைச் சொல்லியாதல் வேண்டும். சில ஆண்டுகளின் முன், எம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் பரீட்சைக்கு முன்னரே விண்ணப்பித்தான். சான்றுக் கடிதம் கேட்டு வந்தபோது, நெடுங்காலமாக நாம் எழுதிவந்த முறையிலேயே ஒன்றை வரைந்து கொடுத்தோம். நல்லொழுக்கமுடையவன், ஆசிரியர்க்குப் பணிபவன், நவராத்திரி விழாவில் முன்னின்று உழைத்தவன், துடுப்பாட்ட அணியில் இரண்டாண்டு ஆடியவன் என அதிற் கண்டது. எதிர்பார்க்கப்படும் தரங்களைக் குறிப்பிடுக என ஒரு மடல் அங்கிருந்து வந்தது. பரீட்சைக்கு முன்னே தரத்தைச் சொல்ல நாம் சோதிடரா என ஆசிரியர் அறையிற் சிரித்தோம். மடல் மேசையிற் கிடந்தது. இரண்டாம் மடலும் வந்தது. யாம் அதன் பொருளை விசாரித்து அறிந்து எழுதுமுன்னர் இடங்கள் நிரம்பிவிட்டன. அம்மாணாக்கன் எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் தந்தையார் மட்டும் ஒரு நாள் வந்து, “மாஸ்டர், அந்தக் கடிதத்துக்கு ஒரு வருசம் போச்சுது” என்று மெல்லக் கூறிச் சென்றார்.

விடயம் இதுதான். ஐக்கிய இராச்சியத்தில் ‘யூகாஸ்’ என்னும் பொது நிலையமொன்றின் வழியே ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். பரீட்சை எழுதாதோர்க்கு அவர்தம் பாடசாலை ‘ஏ’யோ, ‘பி’யோ என எதிர்பார்க்கும் தரத்தை எழுதியனுப்புதல் வேண்டும். அதனைக் கொண்டே, இன்ன தரம் பெறின் இடம் தருவோம் என நிபந்தனையோடு கூடிய அழைப்பு வரும். அங்குள்ள பாடசாலைகட்கு இது ஆண்டுதோறும் பழகிய வேலை, நமக்கோ புதிது.

எதனைக் கொண்டு எதிர்பார்ப்பது? தவணைப் பரீட்சைப் புள்ளியை அவ்வாறே பெயர்த்தெழுதின் மாணாக்கன் கெட்டான். நம் பௌதிகவியல் ஆசிரியர்கள் தவணைப் பரீட்சையிற் காட்டும் கடுமையை அறிந்தோர் அறிவர். அங்கு 50 பெற்றவன் இறுதிப் பரீட்சையில் ‘ஏ’ பெறுதல் புதுமையன்று. பல பாடசாலை மாணாக்கரும் ஒருங்கே எழுதும் தொண்டைமானாறு வெளிக்கள நிலையப் பரீட்சைப் புள்ளிகளையும், அதே புள்ளியளவில் நின்ற முன்னைய ஆண்டு மாணாக்கர் இறுதியிற் பெற்ற தரங்களையும் ஒப்பிட்டு எழுதுதலே நேரிய முறை என்பது எம் கருத்து. இதற்குப் பழைய புள்ளிப் பதிவேடுகள் பேணப்பட்டிருத்தல் வேண்டும். அன்பினால் ஒரு தரத்தைக் கூட்டி எழுதுவோமெனின் என்னாகும்? மூன்று ‘ஏ’ என்ற நிபந்தனையோடு அழைப்பு வரும். பையன் இரண்டு ‘ஏ’, ஒரு ‘பி’ பெறுவான். உண்மையை எழுதியிருந்தாற் கிடைத்திருக்கக் கூடிய வேறோர் இடமும் கைநழுவும். பெற்றார் வந்து கேட்கும்போது மறுத்துரைப்பது எளிதன்று. ஆயினும் மறுத்தல் வேண்டும்.

ஆசிரியரின் சான்றுக் கடிதமும் 2024 ஆம் ஆண்டுப் பிரவேசம் முதல் மூன்று பகுதியாக வகுக்கப்பட்டுள்ளது. முதற்பகுதி பாடசாலையைப் பற்றியது. இரண்டாம் பகுதி மாணாக்கன் கல்வியைத் தாக்கிய இடர்களைப் பற்றியது. மூன்றாம் பகுதி அவனைப் பற்றி அறியவேண்டிய வேறு விடயங்கட்கு உரியது. நம் போன்ற கல்லூரிகட்கு முதலிரண்டு பகுதிகளும் பெரிதும் பயன்படத்தக்கன. பௌதிகவியலுக்கு ஓராண்டு ஆசிரியரின்றியிருந்தோம் எனின், அதனை அங்கு எழுதலாம். வெள்ளத்தால் பாடசாலை மூடப்பட்டிருந்தது எனினும் எழுதலாம். இவற்றை எழுதுதல் இரத்தல் ஆகாது. படிப்போர் அறியாததை அறிவித்தல் மட்டுமே. கல்லூரியின் பழம்பெருமையை ஒரு பக்கம் எழுதுவதால் வரும் பயன் இதனினும் குறைவு என்பதை, யூபிலி மலராயினும், சொல்லத்தான் வேண்டும்.

மாணாக்கன் தானே எழுத வேண்டிய கூற்றும் மாறியுள்ளது. 2026 பிரவேசம் முதல் மூன்று வினாக்கள் கேட்கப்படுகின்றன. இத்துறையை ஏன் கற்க விரும்புகின்றாய், உன் படிப்பு உன்னை எவ்வாறு ஆயத்தஞ் செய்தது, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தாய் என்பன அவை. மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட, 4,000 எழுத்துக்குறிகளே இடம். ஒவ்வொன்றும் 350 இற்குக் குறையலாகாது. நம் பிள்ளைகள் எழுதிக் கொணரும் முதல் வரைவைப் படித்தால், சிறுவயது முதலே பொறியியலாளனாக வேண்டும் என்பது தம் கனவு என்றே எல்லாரும் எழுதியிருப்பர். ஒருவன் மட்டும், தன் வீட்டுக் கிணற்றின் நீரிறைக்கும் இயந்திரம் அடிக்கடி எரிந்துபோனமைக்குக் காரணம் தேடி, மின்னழுத்தம் மாலையில் வீழ்வதை அளந்து குறித்து வைத்த கதையை எழுதினான். அதிற் கனவு என்னும் சொல்லே இல்லை. அதனைத் திருத்த எமக்கு மனம் வரவில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் நீக்கிக் கொடுத்தோம்.

இனிக் காலக் கணக்கு. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒக்டோபர் 15 ஆம் நாள் இறுதி. ஓராண்டில் இவ்விரண்டில் ஒன்றையே கேட்கலாம். ஏனையவற்றுக்குச் சனவரியில் வரும் நாளுக்கு முன் அனுப்பியோர் அனைவரும் சமமாகக் கருதப்படுவர். வகுப்புகள் செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபரிலோ தொடங்கும். நம் பரீட்சையோ அண்மைக்காலத்தில் தன் நாட்களை மறந்து அலைகின்றது. 2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 சனவரியிலே தொடங்கி, அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் பெறுபேறு வந்தது. நிபந்தனை அழைப்போடு காத்திருந்தோர்க்கு அது எவ்வளவு இடர் விளைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 2023 ஆம் ஆண்டுக்குரியது 2024 சனவரியில் நடைபெற்று மே இறுதியில் பெறுபேறு வந்தது. 2025 ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பரில் தொடங்கி, ‘டித்வா’ புயலினால் இடைநின்று, எஞ்சிய பாடங்கள் 2026 சனவரியில் நடைபெற்றன. ஆதலின், விரைந்து செல்லும் கட்டாயம் இல்லாதோர், பெறுபேற்றைக் கையிற் பெற்ற பின்னர் அடுத்த ஆண்டுப் பிரவேசத்துக்கு விண்ணப்பித்தலே தக்கது என்பது எம் துணிபு. அப்பொழுது எதிர்பார்ப்பும் வேண்டா, நிபந்தனையும் குறையும். இடைப்பட்ட மாதங்களில் ஆங்கிலமும் ஒரு கைத்தொழிலும் கற்கலாம். அவ்வோராண்டைக் குறையாக எவரும் எண்ணார். எண்ணுவோர் நம் ஊராரே.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் இலண்டன் இம்பீரியற் கல்லூரியின் சில பொறியியற் பகுதிகளும் ‘ஈசாட்’ என்னும் நுழைவுப் பரீட்சையையும் வேண்டுகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடத்தில் 27 வினா, கணிப்பானுக்கு இடமில்லை. இதிற் கலங்க வேண்டா. கணிப்பானின்றிக் கணித்தல் நம் மாணாக்கர்க்குக் கைவந்தது. நம் கணித, பௌதிகப் பரீட்சைகளிலும் அதற்கு இடமில்லையன்றோ? தடை வருவது வேறிடத்தில். ஆர்முடுகல், திணிவு, சடத்துவம், அமுக்கம், தாயம் எனப் பன்னிரண்டாம் பதின்மூன்றாம் ஆண்டுகளிற் பழகிய மனம், ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் ஒரு கணம் தயங்கும். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடமே உள்ள பரீட்சையில் அத்தயக்கமே தோல்வியாகும். இதனைக் கொண்டு, தமிழில் விஞ்ஞானம் கற்றதே பிழை என்பாரும் உளர். யாம் அதற்கு உடன்படோம். ஆர்முடுகலின் இயல்பைத் தமிழில் தெளிவாக அறிந்தவனுக்கு அதன் ஆங்கிலப் பெயரைக் கற்க ஒரு நாள் போதும். பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அறிந்தவனுக்கு இயல்பைக் கற்க எத்தனை நாளாகும்? பன்னிரண்டாம் ஆண்டின் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரு மொழியிலும் ஒரு கொப்பியில் எழுதி வருதல் போதுமானது. அரசகரும மொழித் திணைக்களம் முன்னர் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் பழைய நூலகங்களிற் கிடைக்கும். ஆங்கில மொழித் தேர்ச்சிக்கெனத் தனியே ‘ஐஈஎல்டிஎஸ்’ போன்ற பரீட்சையொன்றும் எழுதுதல் வேண்டும். அதன் பெறுபேறு இரண்டாண்டுக்கே செல்லும் ஆதலின், மிக முந்தி எழுதிப் பணத்தை விரயஞ் செய்யற்க.

பெயர் பற்றிய தொல்லை எம் துறைக்கு நெருங்கியது. சற்று விரித்துரைக்க வாசகர் இசைவாராக. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் என ஒன்றில்லை. தந்தை கந்தையா எனின், மகன் கந்தையா சிவகுமார். ஆங்கில விண்ணப்பத்திற் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டமும் இடுபெயருக்கு ஒரு கட்டமும் உள. ஒரு பத்திரத்தில் கந்தையா குடும்பப்பெயராகவும், வேறொன்றிற் சிவகுமார் குடும்பப்பெயராகவும் எழுதப்படின், அங்குள்ளோர்க்கு அவர் இருவராகி விடுகின்றார். எழுத்திலும் தொல்லை. மதியழகன் என்பதன் ழகரத்தைப் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பாளர் ஆங்கில ‘எல்’ எழுத்தால் எழுதியிருப்பார். கடவுச்சீட்டில் ‘இசட்’, ‘எச்’ இரண்டும் நிற்கும். தகரத்துக்கு ‘ரி’ மட்டும் இட்டோரும், அதனோடு ‘எச்’ சேர்த்தோரும் ஒரே குடும்பத்தில் உளர். எதனை எவ்வாறு எழுதினும் தமிழ்ப்பெயரின் ஒலி ஆங்கிலத்தில் முழுதும் வாராது. அது குறித்து வருந்துவதிற் பயனில்லை. கடவுச்சீட்டில் உள்ளவாறே எங்கும் எழுதுக என்பதே விதி. ஆகவே, கடவுச்சீட்டு எடுக்கும் நாளிலேயே பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைச் சான்றிதழையும் அருகில் வைத்து ஓரெழுத்தும் பிசகாது நிரப்புதல் வேண்டும். முன்னரே வேறுபாடு நேர்ந்துவிட்டதெனின், இருபெயரும் ஒருவரையே குறிப்பன எனச் சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து உடன் வைத்தல் உதவும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்புப் பெறும்போதும், கடவுச்சீட்டின் பிரதியை அவர் கையிற் கொடுத்துவிடுக.

ஏனைய நாடுகளைப் பற்றிச் சில சொற்கள். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலனவற்றிற் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்–வூட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருவோரிடம் தவணையொன்றுக்கு 1,500 யூரோ அறவிடுகின்றது. மியூனிக் தொழினுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அறவிடுகின்றது. கட்டணமில்லை என்ற சொல்லைக் கேட்டு மயங்குவோர், முதற்பட்டப் படிப்புகள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலேயே நடைபெறுகின்றன என்பதையும், ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முன்னரே முடக்கு கணக்கொன்றில் இடும்படி கேட்கப்படும் என்பதையும் நினைவிற் கொள்க. நேர்ப் பிரவேசத் தகுதியற்றோர் ‘ஸ்டூடியன்கொலெக்’ என்னும் ஆயத்தக் கல்லூரியில், பொறியியலுக்குரிய பிரிவில் இரண்டு தவணை கற்றுத் தேறுதல் வேண்டும். மொழியில் ஆர்வமும் பொறுமையும் உடையோர்க்கு இது நல்ல வழி. அவுஸ்திரேலியாவிற் பொறியியற் பட்டம் நான்காண்டு. அங்குப் பெப்ரவரி, யூலை என இரண்டு பிரவேசங்கள் இருப்பது நம் பெறுபேறு வரும் காலத்தோடு இசைகின்றது. மலேசியாவில் மொனாஷ், நொட்டிங்காம் பல்கலைக்கழகங்களின் கிளைகள் இருபதாண்டுக்கு மேலாக நடைபெறுகின்றன; செலவு குறைவு, ஊரும் அண்மை. ஐக்கிய அமெரிக்காவில் எம்ஐரி, பிரின்ஸ்டன் போன்ற மிகச் சிலவே, மாணாக்கனின் வறுமையை நோக்காது தெரிவு செய்து, பின்னர் வேண்டிய உதவி முழுவதையும் அளிக்கின்றன. அங்குப் போட்டி மிகக் கடுமையானது. ஆயினும் முதல்தர மாணாக்கன் ஒருவன் வறியவன் என்ற காரணத்தால் அதனை முயலாது விடுதல் கூடாது.

எந்நாடாயினும், பட்டத்தின் மதிப்பைச் சேருமுன் ஆராய்தல் வேண்டும். 1989 இல் ஆறு நாடுகளின் பொறியியலாளர் அமைப்புகள் வாஷிங்டன் உடன்படிக்கை என ஒன்றைச் செய்தன. அதிற் சேர்ந்த நாடுகள், தத்தம் அமைப்புகள் தரச்சான்று வழங்கிய பட்டங்களை ஒன்றுக்கொன்று மதிக்கின்றன. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் அதில் முழு உறுப்புரிமை பெற்றது. அன்றியும், 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் நம் நாட்டிற் பொறியியலாளர் பதிவு செய்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. வெளிநாட்டில் மூன்றாண்டு கற்றுத் திரும்பி வந்தவர், தாம் பெற்றது தரச்சான்று இல்லாத பட்டமெனின், பதிவுக்கு அலைய நேரும். பல்கலைக்கழகம் பெயர்பெற்றது என்பது மட்டும் போதாது. அந்தப் பாடநெறிக்கு, அந்த ஆண்டில், சான்று உண்டா என்பதே வினா. ஐக்கிய இராச்சியப் பொறியியற் சபையின் இணையத்தளத்தில் இதனைத் தேடியறியலாம். அங்கு மூன்றாண்டு இளமாணிப் பட்டமும் நான்காண்டு முதுமாணிப் பட்டமும் உள. பட்டயப் பொறியியலாளர் என்னும் நிலைக்கு முன்னது தனியே போதாது, மேற்படிப்பும் வேண்டும். முகவர்கள் இதனைச் சொல்லுவதில்லை.

முகவர் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. பல முகவர், தாம் அனுப்பும் மாணாக்கருக்காகப் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகு பெறுவோர். ஆகவே அவர் காட்டும் பட்டியல் அவருக்குத் தரகு தரும் இடங்களின் பட்டியலாதல் இயல்பு. விண்ணப்பத்தை மாணாக்கன் தானே நிரப்பலாம். எம் மாணாக்கர் சிலர் கல்லூரிக் கணினி அறையிலிருந்தே நிரப்பியுள்ளனர்.

பணமே பெரும் வினா. ஐக்கிய இராச்சியத்திற் பொறியியலுக்கு வெளிநாட்டு மாணாக்கர் செலுத்தும் கட்டணம் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 20,000 பவுணைக் கடந்தது. அதன்மேல் உணவும் உறையுளும். 2024 முதல் ஆண்டுக்கு 776 பவுண் மருத்துவச் சேவைக் கட்டணம். வீசாவுக்கென வேண்டிய தொகை 28 நாள் தொடர்ந்து வங்கியிற் கிடத்தல் வேண்டும் என்பது விதி. உறவினரிடம் அந்த 28 நாளுக்கு மட்டும் பணத்தைக் கைமாற்றாக வாங்கிக் காட்டுவோர் உளர். இருபத்தொன்பதாம் நாளின் பின் அப்பிள்ளை எதனை உண்டு எங்கே படிக்கும் என அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. காணியை விற்றும் ஈடுவைத்தும் அனுப்பிய குடும்பங்களை யாம் அறிவோம். சில நன்றாக நிமிர்ந்தன. சில இன்னும் வட்டி கட்டுகின்றன. படித்து முடித்தபின் அங்குத் தங்கி வேலை தேடும் காலமும், 2027 சனவரி முதல் விண்ணப்பிக்கும் முதற்பட்டதாரிகளுக்கு இரண்டாண்டினின்று பதினெட்டு மாதமாகக் குறையும் என அறிவிக்கப்பட்டுள்ளது. பணம் இயலாதெனின், இங்குப் பொறியியல் தொழினுட்பமோ பௌதிக விஞ்ஞானமோ கற்று, உதவி நிதியோடு மேற்படிப்புக்குச் செல்லும் வழியும் உண்டு. அதனை இரண்டாந்தர வழியாக யாம் கருதவில்லை. நம் பழைய மாணவருட் பலர் அவ்வழியே சென்றவர்தாம்.

பிறநாடுகளிற் பொறியியல் கற்ற பழைய மாணவரிடம் ஒன்று வேண்டுகின்றோம். தாம் சேர்ந்த பல்கலைக்கழகம், ஆண்டு, கொண்டு சென்ற பெறுபேறு, தம்மிடம் மேலதிகமாகக் கேட்கப்பட்ட பத்திரங்கள், தம் சான்றிதழை அங்குள்ளோர் எவ்வாறு மதித்தனர் என்பது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கல்லூரிக்கு அனுப்புவாராக. இதற்கென அலுவலகத்தில் ஒரு பேரேடு திறந்திருக்கின்றோம். இதுவரை அதில் ஏழு பதிவுகள் உள. முன்னே கூறிய, எம் கடிதத்தால் ஓராண்டை இழந்த மாணாக்கன் அனுப்பியதே முதலாவது. அவன் தான் சேர்ந்தபோது கேட்கப்பட்ட கடிதத்தின் மாதிரியையும் உடன் வைத்திருந்தான். தமிழில் எழுதினும் ஆங்கிலத்தில் எழுதினும் ஏற்போம். பெயரை மட்டும் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதுக.